காதர் பாய் நம்பரும் அணைக்கக் கூடாத பெட்டியும்

மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி. அரசாங்க கவுண்டரில் உட்காருகிறவளுக்கு மூன்று பக்கம்: முன்னால் மக்கள், பின்னால் மேலதிகாரி, பக்கத்தில் கணினி. முதல் இரண்டு பேரையாவது சமாதானம் செய்துவிடலாம்.

நான் வேலை பார்ப்பது சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் ஓர் அலுவலகத்தில். பெயர் வேண்டாம். சின்னச் சின்னக் கடைகளுக்கு உரிமம் கொடுப்பதும் வருஷா வருஷம் அதைப் புதுப்பிப்பதும் எங்கள் வேலை. பூக்கடை, வெற்றிலைக் கடை, வடைக் கடை, நடைபாதை ஓரத்தில் ஒரு தையல் இயந்திரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், எல்லோரும் என் கவுண்டருக்கு வந்தாக வேண்டும். அங்கே வரிசை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் உங்கள் எண் வருமா வராதா என்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களே, அதே நேரத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் என் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாம் எல்லோரும் ஒரே படகில்தான் இருந்தோம். உங்களுக்காவது எழுந்து போய்விடும் சுதந்திரம் இருந்தது.

குளிரும் பெட்டி, வேர்க்கும் ஊழியர்

எங்கள் கணினி முறை கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. சுட்டி கிடையாது. எல்லாம் விசைப்பலகைதான். அதன் மூலப்பெட்டி, சர்வர் என்பார்களே அது, பின்னறை ஒன்றில் இருந்தது. அதைச் செய்து கொடுத்த நிறுவனம் எப்போதோ மூடிப் போய்விட்டது. ஒருமுறை அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. அதனால் அதை யாரும் அணைத்ததே இல்லை. பெட்டியின் மேல் 'அணைக்காதீர்கள்' என்று நான்கு மொழிகளிலும் எழுதி ஒட்டியிருந்தோம். தமிழில் எழுதியது நான். மற்ற மூன்று மொழிகளிலும் கட்டளை. நான் மட்டும் ஒரு 'தயவுசெய்து' சேர்த்திருந்தேன். மனிதர்களிடம் கெஞ்சினால் கேட்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை உண்டு.

ஒரு நாள் கட்டடம் முழுக்கக் குளிர்சாதனம் பழுதாகிவிட்டது. பழுது பார்க்க வந்தவர்கள் முதலில் ஓடியது பின்னறைக்கு. கவுண்டரில் இருந்த மின்விசிறிகளை எல்லாம் தூக்கிக்கொண்டு போய்ப் பெட்டியைச் சுற்றி வைத்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து ஐஸ்கூட வந்தது. நாங்கள் சட்டை நனைய உட்கார்ந்து வேலை பார்த்தோம். இரண்டாம் கவுண்டர் கோவிந்தன் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா, நான் சர்வராத்தான் பொறக்கணும் சாந்தி."

எல்லோருக்கும் ஒரு பொட்டு

இதே கோவிந்தன் ஆயுத பூஜையை விடவே மாட்டார். ஒரு வருஷம் அலுவலகத்தில் எதற்கும் பாரபட்சம் காட்டாமல் அச்சு இயந்திரம், ஸ்டேப்ளர், ரப்பர் முத்திரை, வரிசை எண் கொடுக்கும் கருவி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். ஸ்கேனரின் மூடி திறந்திருந்தது. அதற்கும் கண்ணாடி மேலேயே ஒரு பொட்டு. அந்த ஸ்கேனரும் பழைய முறையோடு வந்த பழைய ஸ்கேனர்தான். அது மங்கலாகத்தான் எடுக்கும், கோடு கோடாகத்தான் எடுக்கும் என்று எங்களுக்குப் பழகிப்போனதால், ஒரு புள்ளி கூடுதலாக விழுவதை யாரும் கவனிக்கவில்லை.

உரிமத்துக்கான படத்தை ஸ்கேனரில் எப்போதும் ஒரே மூலையில்தான் வைப்போம். அதனால் அந்த வாரம் உரிமம் வாங்கிய அத்தனை பேருக்கும் நெற்றியில் சரியாக நடுவில் ஒரு பொட்டு விழுந்திருந்தது. விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு உரிமத்தை மாற்றிக் கொடுத்தோம். தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், பல வருஷம் காய்கறி விற்ற சீனர் ஒருவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், அவர் மட்டும் உரிமத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்:

"சாமி கும்பிட்டது நீங்க, பொட்டு எனக்கு. பிசினஸ் நல்லா போகுது மிஸ், அப்படியே விட்டுடுங்க லா."

வீட்டு போன் இல்லாதவர்கள்

எங்கள் பழைய முறைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அடையாள அட்டை எண்ணுக்கு, ஐசி நம்பர் என்பார்கள், ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விடலாம். தொலைபேசி எண்ணை மட்டும் விடவே முடியாது. அதுவும் ஆறில் தொடங்கும் வீட்டு எண்ணாக இருக்க வேண்டும். எட்டிலோ ஒன்பதிலோ தொடங்கும் ஹேண்ட்போன் எண்ணை அடித்தால் ஒரு சத்தம் போட்டுத் துப்பிவிடும். அதைச் செய்த காலத்தில் ஹேண்ட்போன் பணக்காரர்களின் இடுப்பில் இருந்தது. இப்போது பூ விற்பவரிடம் இரண்டு ஹேண்ட்போன் இருக்கிறது, வீட்டு போன்தான் யாரிடமும் இல்லை.

இந்தச் சிக்கலுக்கு வழி கண்டுபிடித்தவர் வள்ளி அக்கா. தேக்காவில் ஒரு கோயில் பக்கத்தில் பூக்கடை. அகலம் ஓர் ஆள் கை நீட்டும் அளவுதான் இருக்கும். அந்த இடத்தை விடக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கணவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார். பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் மகன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஓயாமல் கூப்பிடுகிறான். "மருமக தங்கமானவதான் மிஸ். ஆனா காலையில எழுந்திரிச்சு நான் எங்கயாவது போகணும்ல? கடை இருக்கறவரைக்கும்தான் நான் என் வீட்டுல இருக்க முடியும். கடை போச்சுன்னா, அம்மா ஏன் தனியா இருக்கான்னு கேப்பாங்க, எங்கிட்ட பதில் இருக்காது" என்பார். அந்தப் பேச்சை நான் மறக்கவே இல்லை.

வீட்டு எண் கேட்டபோது, கடைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாயின் எண்ணைக் கொடுத்தார். பரங்கிப்பேட்டைக் குடும்பம், தேக்காவில் மூன்று தலைமுறையாகக் கடை. அந்தக் கடையின் கல்லாப்பெட்டி அருகே இன்னும் கம்பி வைத்த தொலைபேசி இருந்தது. காத்திருக்கும் இடத்தில் இருந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்து வந்த வடைக்காரர் அதே எண்ணைச் சொன்னார். அதற்கடுத்து தையல்காரர். சில வருஷத்தில் தேக்காவில் பாதிக் கடைக்கு அந்த எண்தான் ஆகிவிட்டது. எங்களுக்கும் அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் கூப்பிட்டால் பாய் எடுப்பார், சொன்ன செய்தி அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடும். ஒரு தடவை நான் நன்றி சொன்னபோது பாய் சொன்னார்:

"இதுல என்ன தங்கச்சி இருக்கு? எல்லாரும் எப்படியும் சாப்பிட வருவாங்க, அப்ப சொல்லிடறேன்."

தேக்கா யாருடையது?

ஒரு வழியாகப் புதிய கணினி முறை வந்தது. அதைக் கொண்டுவந்தவன் தினேஷ். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். பையன் என்று நான்தான் சொல்கிறேன். அவன் திட்ட மேலாளர், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. தீபாவளிக்கு முந்தின மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலையோடு பழைய முறைக்கு மூடுவிழா, திங்கட்கிழமை காலை புதியதற்குத் திறப்பு விழா. அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகை பார்த்தார்கள். பழைய பதிவுகள் புதியதில் எப்படி வந்து விழுகின்றன என்று பார்ப்பதுதான் ஒத்திகை. பார்த்தால் தேக்காவில் பாதியைக் காணோம்.

"அக்கா, don't panic," என்றான் தினேஷ். "புது சிஸ்டம் டூப்ளிகேட்டை எல்லாம் தானா merge பண்ணிடும். ஐசி நம்பர் இல்லேன்னா போன் நம்பரை வச்சுப் பாக்கும். ஒரே நம்பர், ஒரே ஏரியா, எல்லாம் சின்னக் கடை. சிஸ்டத்தைப் பொறுத்தவரைக்கும் இவங்க எல்லாம் ஒரே ஆள்தான்." அந்த ஒரே ஆள் யார் என்று பார்த்தேன். கா.மு. அப்துல் காதர். பூக்கடை, வடைக் கடை, தையல் கடை எல்லாம் அவர் பெயரில் இருந்தன. மற்றவர்கள் மறைந்துவிட்டார்கள். ஓர் ஆளுக்கு ஓர் இடம்தான் என்பது விதி; அதனால் மீதி இடங்கள் எல்லாம் காலி என்று கணக்காகி, திங்கட்கிழமையே காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குத் தானாகவே போய்விடும். தீபாவளி நேரத்தில் தேக்காவில் ஓர் இடம் காலி என்றால் அது எத்தனை நிமிஷம் தாங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த விதியை மாற்று என்றேன். அதற்கு விண்ணப்பம் போட்டு, குழு கூடி, மூன்று மாதம் ஆகும் என்றான். மேலதிகாரி மிஸ் கோவிடம் போனேன். அவரும் கையை விரித்தார். மிச்சமிருந்த வழி ஒன்றே ஒன்று. காலியாக விட்ட அடையாள அட்டைக் கட்டத்தை நிரப்பிவிட்டால் புதிய முறை ஒவ்வொருவரையும் தனித்தனி ஆளாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் அட்டையை நேரில் பார்க்காமல் எண்ணை அடிக்கக் கூடாது என்பது சட்டம். அதாவது ஒரு வாரத்துக்குள் அத்தனை பேரும் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். வரவைக்கிறேன் என்று மிஸ் கோவிடம் சொல்லிவிட்டு வந்தேன். எப்படி என்று எனக்கே தெரியாது. பாய்க்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்:

"அப்ப நான் இத்தன நாளா என் சொந்தக் கடையிலயே பூ வாங்கிக்கிட்டு இருந்தேனா தங்கச்சி?"

மதிய நேரத்து வணக்கங்கள்

மக்களை வரவழைக்க தினேஷ் ஒரு நவீன ஏற்பாடு செய்தான். இயந்திரமே தொலைபேசியில் கூப்பிடும், "வணக்கம். உங்கள் அடையாள அட்டையுடன் நேரில் வரவும்" என்று இனிமையான பெண் குரலில் சொல்லும். யாருடைய கட்டம் காலியோ அவர்கள் எல்லோருக்கும் வரிசையாகப் போகும். எந்த எண்ணுக்குப் போகும் என்று நீங்கள் இதற்குள் யோசித்திருப்பீர்கள். தினேஷ் யோசிக்கவில்லை. நானும் மதியம் ஒரு மணிவரை யோசிக்கவில்லை.

சாப்பாட்டு நேரம். கடை நிறையக் கூட்டம். காதர் பாயின் தொலைபேசி அடித்தது. எடுத்தார், வணக்கம் கேட்டார், வைத்தார். உடனே மறுபடி அடித்தது. ஆர்டர் வரும் எண் என்பதால் எடுக்காமலும் இருக்க முடியாது. பரோட்டா போடுகிறவர், தண்ணீர் வைக்கிறவர், கடைசியில் கை கழுவ வந்த வாடிக்கையாளர்கள்கூட எடுத்து வணக்கம் கேட்டிருக்கிறார்கள். பாய் தன் ஹேண்ட்போனில் என்னைக் கூப்பிட்டபோது, பின்னால் அந்தப் பெண் குரல் எனக்கே கேட்டது. தினேஷிடம் ஓடிப் போய் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தும் பொத்தான் புதிய முறையில் எங்கே இருக்கிறது என்று அவன் தேடி முடிப்பதற்குள் பிரியாணியே தீர்ந்துவிட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாய் கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. கை கழுவும் இடத்துக்கு மேலே பெரிய அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்: 'என் நம்பரைக் கொடுத்தவர்கள் எல்லாரும் ஐசியோடு உரிம ஆபீசுக்குப் போங்கள். போகாதவர்களுக்கு மீன் குழம்பு கிடையாது.' மறுநாள் காலை கவுண்டர் திறக்கும்போதே வாசலில் கூட்டம். நான் மதிய இடைவேளையை எடுக்கவில்லை, கோவிந்தனையும் எடுக்க விடவில்லை. அந்த வாரம் முழுக்க வந்தவர்களுடைய அட்டைகளை வாங்கி வாங்கி அடித்தோம். வியாழக்கிழமை பாயே தன் அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். இயந்திரத்தின் மேல் அவருக்கு மிச்சமிருந்த வருத்தம் ஒன்றுதான்:

"இவ்வளவு மரியாதையா வணக்கம் சொல்லுது, ஒரு தடவையாவது 'சாப்பிட்டீங்களா'ன்னு கேக்குதா பாருங்க."

ஓய்வு பெற்றும் போகாத லிம்

வள்ளி அக்கா முதல் நாளே வந்துவிட்டார். அவருடைய பதிவைத் திறந்தேன். பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது: 'இந்தப் பதிவு பயன்பாட்டில் உள்ளது. பயன்படுத்துபவர்: லிம்.' எங்கள் முறையில் ஒருவர் ஒரு பதிவைத் திறந்து வைத்திருந்தால், அவர் மூடும்வரை வேறு யாரும் அதைத் தொட முடியாது. இதில் சிரமம் என்னவென்றால், எங்களோடு கவுண்டரில் இருந்த லிம் போன வருஷமே ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய கடைசி நாளில் கடைசியாக வந்தவர் வள்ளி அக்கா. உரிமத்தை அச்சிட்டுக் கொடுத்தார். பதிவை மூடுவதற்குள் நாங்கள்தான் "கேக் வெட்டணும், வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். மறுநாள் அவருடைய கணினியைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கணினி எந்த ஊர்க் குப்பையில் உடைந்து கிடக்கிறதோ, எங்கள் பெட்டி மட்டும் லிம் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருப்பதாக நம்பிக்கொண்டிருந்தது.

தினேஷ் தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தான். வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. மற்ற எல்லோரும் முடிந்துவிட்டார்கள். வள்ளி அக்கா மட்டும் பாக்கி. அவர் காலையிலிருந்தே காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பெட்டியை அணைத்துப் போட்டால் பூட்டு விட்டுப்போகும், வேறு வழியே இல்லை என்று தினேஷ் சொன்னான். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. மிஸ் கோ தலையை ஆட்டி மறுத்தார். திங்கட்கிழமை வந்து மேல்முறையீடு செய்யட்டும் என்றார். மேல்முறையீட்டுக்கு மாதக் கணக்காகும், அதற்குள் இன்னொருவர் அந்த இடத்தில் கடை போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை உட்கார்ந்தவரை எழுப்ப முடியாது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஒரு ஆளுக்காகவா சாந்தி?" என்றார். "பாதித் தேக்காவை ஒரே ஆளா ஆக்கினது புது மெஷின், மேடம். நானும் அவங்கள கூட்டத்துல ஒண்ணா பாக்கணுமா? மத்த எல்லாரையும் காப்பி எடுத்தாச்சு. கவுண்டர் மூடினதும் இந்தப் பெட்டி யாருக்கும் வேணாம், வள்ளி அக்காவத் தவிர. எழுந்திரிக்காட்டி என் பேர்ல எழுதுங்க" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் மேலதிகாரியிடம் நான் குரலை உயர்த்தியது அன்றைக்குத்தான். மிஸ் கோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"உன் பேரும் வேணாம், என் பேரும் வேணாம். கவுண்டர் மூடட்டும், அப்புறம் நானே கூட வரேன் லா."

அணைத்தோம்

கவுண்டர் மூடியதும் நாலு பேரும் பின்னறையில் நின்றோம். முதல் பிரச்சினை, அணைக்கும் பொத்தான் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். 'அணைக்காதீர்கள்' தாளுக்கு அடியில், தவறியும் யார் கையும் படக்கூடாது என்று நாங்களே ஒட்டிய தடித்த பசைநாடாவுக்குள் அது இருந்தது. கோவிந்தன் கத்தரியால் கீறி எடுத்தார். தினேஷ் அழுத்தினான். இரைச்சல் நின்றது. அந்த அறை அப்படி நிசப்தமாக இருந்து நாங்கள் கேட்டதே இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினான். விளக்கு எரிந்தது, விசிறி முனகியது, திரையில் எழுத்துகள் ஓடின. நான் சிரிக்கத் தொடங்கியபோது ஓட்டம் நின்றுவிட்டது. 'விசைப்பலகையைக் காணவில்லை. தொடர எஃப்-ஒன் விசையை அழுத்தவும்' என்று வந்திருந்தது. விசைப்பலகை இல்லாத பெட்டியில் எதை அழுத்துவது?

அதற்கு வேண்டியது உருண்டை முனை வைத்த பழைய விசைப்பலகை. அலுவலகத்தில் இருப்பதெல்லாம் தட்டை முனை. ஆறு மணிக்குத் தினேஷின் ஆட்கள் கடைசி நகல் எடுத்துப் பழைய முறையை முத்திரை வைத்து மூடிவிடுவார்கள். கணினிச் சாமான் விற்கும் சிம் லிம் கடைத்தொகுதிக்கு ஓடிப்போய் வாங்கி வரலாமா என்று தினேஷ் கேட்டான். வெள்ளிக்கிழமை மாலை நெரிசலில் போய் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான் அலமாரி அலமாரியாகத் திறந்தேன். ஒன்றும் இல்லை. முகம் கழுவிக்கொண்டு வரலாம் என்று போனபோது தேநீர் அறைக் கதவு காலில் இடித்தது. கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க அடியில் எதையோ சொருகியிருந்தோம். பல வருஷமாக நாங்கள் எல்லோரும் உதைத்துத் தள்ளிக்கொண்டு போகும் பொருள். குனிந்து உருவினேன். தூசி, கோப்பிக் கறை, பாதி விசைகள் காணோம். வாலில் உருண்டை முனை தொங்கியது. எஃப்-ஒன் மட்டும் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே தடவினேன். இருந்தது.

சொருகி அழுத்தியதும் பெட்டி எழுந்தது, பதிவு திறந்தது. லிம் போயிருந்தார். கோவிந்தன் ஓடிப்போய் வள்ளி அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் அட்டையை நீட்டினார். நான் என் இடத்துக்கு வந்து ஒவ்வோர் எழுத்தாக அடித்து, இரண்டு தடவை சரிபார்த்துச் சேமித்தேன். திரையை மக்களிடம் திருப்பிக் காட்டக் கூடாது என்பது விதி. மிஸ் கோவே திருப்பினார். வள்ளி அக்கா அந்தப் பச்சை வரியையும், வேர்த்துப்போய் நின்ற எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த ஒரு வரிக்காகவா இவ்வளவு பாடுபட்டீங்க? எல்லாரும் மதியம் சாப்பிட்டீங்களா இல்லையா, மொதல்ல அதச் சொல்லுங்க."

திங்கட்கிழமை

புதிய முறை வெள்ளைத் திரையோடு, படங்களோடு, சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் பிடித்திருந்தது. முதல் எண் வள்ளி அக்காவுடையது. அட்டையை வைத்ததுமே பெயர், படம், கடை, இடம் எல்லாம் வந்துவிட்டன. அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்றால் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம், இன்னொரு தடவை நிதானமாகத் தேடச் சொல்லுங்கள் என்றார். இன்னொரு தடவை தேடினேன். அதே பெயர், அதே இடம்.

உரிமத்தை அச்சிட்டுக் கொடுத்தேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், அங்கேயே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஹேண்ட்போனை எடுத்தார். பின்னால் வரிசை காத்திருந்தது. எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகனைக் கூப்பிட்டுப் பேசினார்:

"ஞாயித்துக்கிழம சாப்பிட வரேன்டா. அந்த ரூம எனக்காக காலி பண்ண வேணாம், பிள்ளைங்க படிக்கட்டும். சாப்பிட்டு நான் என் வீட்டுக்கு வந்துடுவேன், காலையில கடை இருக்குல்ல."

இத்தனையையும் பார்த்தபின் நான் கண்டுகொண்டது ஒன்றுதான்: புதிய கணினி மிக வேகமானது, ஆகவே இப்போதெல்லாம் எங்களைத் திட்டுவதற்காக மக்கள் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.